தட்டில் ஒரு தெளிந்த வட்டம்

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையைத் தூக்க மட்டும் வேணாம்... அத்தை சொன்னாங்க."

"அதனால என்ன? பச்சை உடம்பு. நான் இங்கேருந்தே பார்த்துக்கிறேன்."

எட்டு மாதத்துக்கு முன் பிரசவ வார்டில் நடந்த பேச்சு இது. சொன்னவள் வீட்டின் சின்ன மருமகள். கேட்டுக்கொண்டு நின்றவள் மூத்தவள். குழந்தையை வாங்க நீட்டியிருந்த கைகளை அதற்குப் பிறகு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டில் விரிப்பில் இருந்த சுருக்கத்தை இரண்டு முறை நீவிவிட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

அந்தப் பேச்சை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தினமும் காலையில் குளியலறைக்குள் நுழைந்ததும் அது ஞாபகத்துக்கு வந்துவிடும். ஜன்னல் மேடையில் இருக்கும் நீல டப்பாதான் காரணம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சோப்பு; மூத்தவளுக்கு மட்டும் நீல டப்பாவில் தனி சோப்பு, பக்கத்து ஆணியில் தனித் துண்டு. ஆஸ்பத்திரியில் விற்கிற மருந்து சோப்பு அது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை அதில் கை கழுவிக் கழுவி, அவள் விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. அவளுக்குத் தையல் வேலை. பட்டுத் துணி வந்தால் விரல் வெடிப்பில் நூல் சிக்கிக்கொள்ளும். அதனால் பட்டு வேலையை விட்டுவிட்டு, ஜிப் மாற்றுவது, கால் மடிப்பது என்று முரட்டுத் துணிகளோடு நின்றுவிட்டாள்.

அன்று காலையும் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பொடிசு தவழ்ந்து வந்து அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். போலீஸைப் பார்த்த திருடன் மாதிரி அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"சின்னவளே, கொஞ்சம் வாம்மா. இவன் இங்க வந்துட்டான். விழுந்துடப் போறான்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் முந்திக்கொண்டது. "யாரு அது? தூக்கிட்டாளா?"

"இல்லத்தை. கை மேலதான் இருக்கு."

சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். மூத்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் கெட்டவள் இல்லை. முதல் பிள்ளை, பயம். மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதை அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குத்தல் வேறு இடத்திலிருந்து வந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன் மாமியார் படியில் தவறி விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் மூத்தவள்தான் கட்டு மாற்றினாள். இருபத்திரண்டாம் நாள் தையலில் சீழ் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல யார் கட்டு மாத்துறது? கை நல்லா கழுவுறாங்களா?"

அவர் கேட்டது சாதாரணமான கேள்வி. நூறு பேரிடம் கேட்டிருப்பார். ஆனால் வலியில் துடித்துக்கொண்டிருந்த மாமியாருக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது.

"இவ கைதான். இவ கை பட்டுத்தான் என் கால் அழுகுது. இனிமே இவ என்னைத் தொடக்கூடாது."

அன்றிலிருந்து கட்டு மாற்றுவது கணவனின் வேலையானது. அச்சகத்தில் நாள் முழுக்க மிஷின் பக்கத்தில் நின்றுவிட்டு சாயந்தரம் வருவான். கையில் உள்ள மையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு, அம்மாவின் காலடியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். மருந்து பட்டதும் அம்மா "எரியுதுடா" என்பாள். அவன் குனிந்து ஊதுவான். சின்ன வயதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோதெல்லாம் அவள் அவனுக்கு ஊதிவிட்டவள். இப்போது அவன் முறை. மூத்தவள் கட்டு மாற்றிய அந்த மூன்று வாரத்திலும்கூட ஊதுவதற்கு அவன்தான் வர வேண்டும். அவன் ஊதி முடித்த பிறகுதான் மாமியார் ஒரு வாய் சாப்பிடுவாள்.

துணிகளை வேகவைப்பது, சீழ் பட்ட விரிப்பை அலசுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் மூத்தவள். தொடுவது மட்டும் இல்லை.

ஒரே ஒரு தடவை கணவனிடம் கேட்டாள். "என்னங்க... என்னாலதான்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

அவன் கட்டுத் துணியை மடித்துக்கொண்டே சொன்னான். "அம்மா வலியில பேசுறாங்க. விட்டுடு. காதுல வாங்காத." ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவள் விட்டுவிட்டாள்.

காயம் ஆறவில்லை. இரண்டு முறை திறந்து கழுவினார்கள். ஆறுவது போல மேலே மூடிக்கொள்ளும். பத்து நாளில் மறுபடி ஒரு ஓரத்தில் கசியும். மருந்துகளை மாற்றிக்கொண்டே வந்தார்கள். மாமியாருக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். கிருமிக்கு எந்த மருந்தும் உறைக்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதைப் பற்றி யோசிக்கச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு வழி மிச்சமிருக்கிறது, வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் போய்க் கேளுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் கட்டடத்தை அடுத்து இருந்தது அந்த ஆய்வுக்கூடம். அங்கிருந்த அம்மாள் பாடம் நடத்துவது போலவே பேசுவார். வீட்டில் அவருக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நமக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி, பாக்டீரியா என்கிற கிருமிக்கும் நோய் உண்டு என்றார் டீச்சர். அதைப் பிடிக்கிற வைரஸ்கள் இருக்கின்றன. உள்ளே நுழைந்து, பல நூறாகப் பெருகி, கிருமியை வெடிக்கவைத்துவிட்டு வெளியே வரும். மனுஷ உடம்பை அவை சீண்டாது. ஆனால் மகா பிடிவாதக்காரர்கள். ஒரு வைரஸ் தனக்கென்று வாய்த்த கிருமியைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காது. அம்மாவின் காலில் இருக்கிற அதே கிருமிக்குப் பொருத்தமான வைரஸைத் தேடிப் பிடித்து, சுத்தப்படுத்தி, காயத்துக்குள் ஊற்ற வேண்டும். மற்ற மருந்தெல்லாம் கைவிட்டவர்களுக்கு மட்டும், அனுமதி வாங்கித்தான் இதைச் செய்ய முடியும்.

கையில் இருந்த முப்பத்தாறு வைரஸ்களில் ஒன்றும் பொருந்தவில்லை. புதிதாகத் தேட வேண்டும்.

"எங்க தேடுறது?" என்று கேட்டாள் மூத்தவள்.

"எங்க கிருமி அதிகமோ அங்க. சாக்கடையில."

ஆள் போதவில்லை என்று டீச்சர் தயங்கியபோது, நான் கொண்டுவந்து தருகிறேன் என்று மூத்தவளே சொல்லிவிட்டாள். கயிறு கட்டிய பாட்டில், ரப்பர் உறை, பனிக்கட்டிப் பெட்டி. வாரம் இரண்டு தடவை பஸ் ஏறினாள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய், ஆஸ்பத்திரிக் கழிவு, சந்தைக்குப் பக்கத்துச் சாக்கடை... ஒவ்வொரு பாட்டிலிலும் இடமும் தேதியும் எழுதி ஒட்டுவாள்.

"சாக்கடை இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாங்க," என்பான் கொழுந்தன். "அண்ணி, அப்படியே நம்ம தெருவுல அடைச்சிருக்கறதையும் பார்த்துடுங்க." சிரிப்பான். அவளும் சிரித்துவைப்பாள். அந்த வீட்டில் அவளோடு விளையாட்டாகப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

மாமியார் சிரிக்கவில்லை. "கையில இருக்கறது போதாதுன்னு சாக்கடையை வேற வீட்டுக்குக் கொண்டு வர்றா."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள் மூத்தவள். அந்த நாற்பது நிமிஷம்தான் அவளுக்கு ஓய்வு. இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

ஒன்பதாவது பாட்டில், ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை கழுவிய தண்ணீர். நான்கு நாள் கழித்துப் போனபோது டீச்சர் ஒரு வட்டமான கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தட்டு முழுக்கப் பால் ஏடு போலக் கிருமி படர்ந்திருந்தது. நடுவே ஒரு இடத்தில் மட்டும், ஒரு சொட்டு விழுந்த அளவுக்கு, கண்ணாடி போலத் தெளிந்த வட்டம்.

"இது உங்க பாட்டில். இந்த வட்டத்துக்குள்ள ஒரு கிருமிகூட உயிரோட இல்ல."

மூத்தவள் நெடுநேரம் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. உட்கார வேண்டும் போல இருந்தது.

டீச்சருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. இரண்டு முறை சுத்தமாகக் கழுவிய காயத்தில் அதே கிருமி எப்படித் திரும்பி வருகிறது? இந்த வகைக் கிருமி பலருடைய மூக்கில் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேரின் மூக்கையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார். ஐந்து பேர், ஐந்து தட்டு. தட்டில் வளர்ந்ததன் மேல் அந்த வைரஸை ஒரு சொட்டு விட்டார்; வட்டம் விழுந்தால் அதே கிருமி என்று அர்த்தம்.

பொடிசைச் சின்னவள் தூக்கிக்கொண்டு போன அந்தக் காலையில், முடிவைச் சொல்ல டீச்சர் மூத்தவளைத்தான் போனில் கூப்பிட்டார். படிவத்தில் இருந்தது அவளுடைய நம்பர்.

"உங்க தட்டுல அந்தக் கிருமி இல்ல. அம்மா மூக்குலயும் இல்ல. உங்க வீட்டுக்காரர் தட்டுல மட்டும்தான் வட்டம் விழுந்திருக்கு. வேற சோதனையும் பண்ணிட்டேன். அதேதான். அவர் காயத்துகிட்ட போவாரா?"

மூத்தவள் மிஷினில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது.

"ஊதுவாருங்க," என்றாள்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். மூன்று பேரில் ஒருவர் மூக்கில் இந்த வகைக் கிருமி இருக்கும், இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அவர் மூக்குக்குக் களிம்பு போட்டாக வேண்டும், காயத்தின் மேல் மூச்சு படக்கூடாது, இல்லாவிட்டால் ஊற்றுகிற வைரஸ் எல்லாம் வீண்.

மூத்தவள் போனை மிஷின் மேல் வைத்தாள். ஒரு வாக்கியம். உள்ளறைக்குப் போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். நீல டப்பா போய்விடும். பதினான்கு மாதம் போய்விடும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. மாமியார் நம்ப மாட்டாள். பழியைப் பிள்ளை மேல் போடுகிறாள் என்பாள். கணவன் நம்பிவிடுவான். நம்பி, உடைந்துபோவான். அம்மாவின் காலை அழுகவைத்தது தன் மூச்சு என்று தெரிந்தால், அந்த முக்காலியில் அவன் மறுபடி உட்கார மாட்டான். அவன் உட்காராவிட்டால் மாமியார் சாப்பிட மாட்டாள். அந்தக் கஞ்சிக் கிண்ணத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கப்போவது யார்?

வாதாடி ஜெயிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

சாயந்தரம் எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னாள். "டீச்சர் எல்லாரையும் மூக்குல களிம்பு போடச் சொன்னாங்க, அஞ்சு நாளைக்கு. அத்தை காலுக்குப் பக்கத்துல போறவங்க முகமூடி போட்டுக்கணும். யாரும் ஊதக்கூடாது. எல்லாருக்கும்தான்."

முதலில் தன் மூக்கில்தான் போட்டுக்கொண்டாள், எல்லோரும் பார்க்க.

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காயத்தைத் திறந்து கழுவி, மெல்லிய குழாய் வழியாகப் பத்து நாள் தொடர்ந்து அந்தத் திரவத்தை உள்ளே விட்டார்கள். பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து எல்லோரையும் பயமுறுத்திவிட்டு இறங்கியது. இரண்டாவது வாரம் கசிவு குறைந்தது. ஐந்தாவது வாரம், பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக, கட்டுத் துணி காய்ந்தபடியே கழன்று வந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். மாமியாரின் குரலில் பழைய கணீர் திரும்பியிருந்தது.

"அவ மூக்குல மருந்து போட்டதும் என் கால் ஆறிடுச்சு, பார்த்தீங்களா? எல்லாருக்கும்னு ஏன் சொன்னாங்க? ஒருத்தர் பேரைச் சொன்னா அவமானமாயிடும்னுதான். எனக்கா தெரியாது..."

சமையலறையில் டீத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த மூத்தவளின் காதில் அது விழுந்தது. மாமியார் கெட்டிக்காரிதான். ஆளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். தம்ளர் தட்டைச் சின்னவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, நீல டப்பாவைத் திறந்து கை கழுவினாள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்தார்கள். கணவன் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தான். டீச்சரும் வந்து தழும்பைத் தொட்டுப் பார்த்தார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாலதாம்மா என் கால் மிஞ்சுச்சு. இவ மூக்குல இருந்ததையும் நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. பேரைச் சொல்லாம மறைச்சீங்களே, அது உங்க நல்ல மனசு."

டீச்சர் நிமிர்ந்தார். "இவங்களா? இவங்க தட்டு சுத்தமா இருந்துச்சே... இந்த மருந்தே இவங்க கொண்டுவந்த தண்ணியிலேருந்து எடுத்ததுதான்."

சொல்லிவிட்டு மூத்தவளின் முகத்தைப் பார்த்தார். அவள் மிக லேசாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. கணவன் அதைப் பார்த்துவிட்டான்.

"அப்ப யாரும்மா?" என்றான்.

"ரெண்டு மாசம் முன்னாடியே உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்ககிட்ட கேளுங்க," என்றார் டீச்சர்.

ஆட்டோவில் அவன் கேட்கவில்லை. வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். 'யாரும் ஊதக்கூடாது, எல்லாருக்கும்தான்.' வீட்டில் ஊதுகிறவன் ஒருவன்தானே. பாதி வழியில் அவன் கை தானாக மேலே போய்த் தன் மூக்கைத் தொட்டது. மூத்தவள் அதைப் பார்க்காதது போல இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்தான். முக்காலியை இழுத்துப் போட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா. கிருமி என்கிட்டதான் இருந்துச்சு."

"என்னடா உளர்ற?"

"நான்தானே ஊதினேன், தினமும்... நீ எரியுதுன்னப்பல்லாம்."

மாமியாரின் முகம் இறுகியது. "இவ சொல்லச் சொன்னாளா?"

"அவ சொல்லல." அவன் குரல் உடைந்தது. "அதாம்மா... ரெண்டு மாசமா தெரியும் அவளுக்கு. நீ வந்தவங்க போனவங்ககிட்டல்லாம் சொன்னியே, அப்பகூட சொல்லல. என்னாலதான்னு நினைக்கிறீங்களான்னு என்னை ஒரு தடவை கேட்டா. நான் இல்லைன்னு சொல்லல, அம்மா. ஒரு வார்த்தை... அதைக்கூடச் சொல்லல."

நாற்பத்தைந்து வயது மனிதன் அம்மாவின் காலடியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மாமியார் அவன் தலையில் கை வைக்கப் போனாள். பாதியில் நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"இங்க வா."

மூத்தவள் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். அது பழகிப்போன தூரம்.

"ஏண்டி சொல்லல?"

"அவர் வந்து உட்கார்ந்தாத்தான் நீங்க சாப்பிடுவீங்க, அத்தை."

"அதுக்காக?"

"அதுக்காகவும்தான். அப்புறம்... சொல்லி நம்பவைக்கத் தெம்பில்ல. ரொம்ப அசந்துட்டேன், அத்தை."

மாமியார் எட்டி அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கைகள் மேல் அவள் கை பட்டது. உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் வெடிப்பு, வெடிப்புக்குள் கறுத்த கோடு, தோலில் மருந்து சோப்பின் வாடை. அவள் வாய் கோணிக்கொண்டது.

"நான் பாவி... பெத்த பிள்ளை மூச்சு தேனா இருந்துச்சு, உன் கை மட்டும் விஷமாத் தெரிஞ்சுது எனக்கு." அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ஈரம் வெடிப்புகளில் பட்டு எரிந்தது. மூத்தவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அருகில் உட்கார்ந்து, அந்த வயதான தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் இப்போது கண்ணீர் வந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல் வந்தது.

"என்ன வேணும்னு கேளும்மா," என்றாள் மாமியார். "எதுவானாலும் கேளு. நான் இவ்வளவு நாள் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல."

மூத்தவள் நிமிர்ந்தாள். கதவருகில் சின்னவள் நின்றிருந்தாள், அழுதுகொண்டே. இடுப்பில் பொடிசு. அவன் அம்மாவின் கண்ணீரை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூத்தவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். கை பழக்கத்தில் நீல டப்பாவை எடுத்தது. மூடியைத் திறக்காமல் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். வீட்டுச் சோப்பை எடுத்துக் கழுவினாள், விரல் இடுக்கு, நகக்கண் என்று மெதுவாக. பொதுத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து சின்னவளின் எதிரே நின்றாள். பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தைகள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"சின்னவளே... அவனை ஒரு தடவை என் கையில குடுக்கிறியா?"